கசடு இழுக்கும் பம்ப்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவள் கெமிஸ்ட். தொட்டிகளின் அடியில் தங்கும் கசடை மேலே எடுத்துச் சோதிப்பது அவள் வேலை. எடை கட்டிய பாட்டிலைக் கயிற்றில் இறக்கி, நிரம்பியதும் இழுப்பாள். கூழாய்க் கிடக்கும் கசடு லேசில் மேலே வராது. தலை வாரக்கூடக் கையைத் தூக்க முடியாத அளவுக்குத் தோள் வலி வந்த பிறகுதான் மேலாளர் மனமிறங்கினார்.

"சின்னதா ஒரு பம்ப் வாங்கிக்கலாம்மா. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

முதல் பம்பைக் கொண்டுவந்த விற்பனைக்காரர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். மேலாளர் அறையிலேயே வாளித் தண்ணீரில் போட்டுக் காட்டினார். பம்ப் ஜோராக ஓடியது. மேலாளருக்கு அப்போதே பிடித்துவிட்டது.

"தொட்டியில ஒரு தடவை போட்டுப் பாத்துடலாம் சார்," என்றாள்.

"அதான் ஓடுதேம்மா!"

"தொட்டியில இருக்கறது தண்ணி இல்லையே சார்."

அவளும் விற்பனைக்காரரும் இரும்புப் படியேறினார்கள். மேலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு கீழேயே நின்றுவிட்டார். பம்ப் கொஞ்சம் கறுப்பாகக் கக்கியது, உறுமியது, அப்படியே அடங்கிப்போனது. வெளியே எடுத்தால், உள்ளே விசிறியில் தலைமுடியும் துணி நாரும் திரித்துச் சுற்றியிருந்தன. அவர் ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார். அடைப்பு விட்டது, வெள்ளைச் சட்டை முழுக்கக் கசடு.

அவரைக் குழாயடிக்கு அழைத்துப்போய் சோப்பு கொடுத்தாள்.

"எவ்வளவு தேச்சாலும் வாடை போகாதுங்க. வீடு வரைக்கும் கூடவே வரும்."

அவர் அலுப்பாகச் சிரித்தார். "எல்லா எடத்துலயும் தண்ணியில காட்டியே ஒப்பேத்திட்டேன். நீங்கதான் மேல ஏத்திட்டீங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது உங்களுக்குச் சரிப்படாதுங்க. ரப்பர் ட்யூபை உருளையால அமுக்கி அமுக்கி இழுக்குற பம்ப் ஒண்ணு இருக்கு. கசடு ட்யூபுக்குள்ளயே போயிடும், மிஷின்ல படாது. ட்யூப் தேஞ்சா மாத்திக்கலாம். எங்க கம்பெனில அது கிடையாது."

"உங்க முதலாளி காதுல விழுந்தா?"

"அவரு இந்த வாடைப் பக்கமே வரமாட்டாரு."

அவர் சொன்ன மாதிரி பம்பை வேறு கம்பெனியிலிருந்து வரவழைத்து, தொட்டியிலேயே ஓட்டிப் பார்த்தாள். கசடு சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

"ஆமை மாதிரி இழுக்குதேம்மா," என்றார் மேலாளர்.

"வந்தாப் போதும் சார்."

அதையே வாங்கினார்கள். பம்ப் வேலைக்கு வந்த அன்று, ட்யூப் முனையைப் படியில் வைத்த பாட்டிலில் விட்டு, சுவிட்சைப் போட்டாள். கயிறும் இல்லை, இழுப்பும் இல்லை. கையை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. படியில் உட்கார்ந்தாள். உருளைகள் மெல்ல உருண்டன. வெயில் இதமாக இருந்தது.

"அக்கா! பாட்டில் வழியுது!"

கீழே வால்வு திருப்பிக்கொண்டிருந்த ஆப்பரேட்டர் கத்தியதில் திடுக்கிட்டு விழித்தாள். பூட்ஸ் மேலெல்லாம் கசடு.

"தூங்கிட்டீங்களா?"

"ஆமாப்பா," என்றாள், கூச்சமே இல்லாமல். எழுந்து, வேறு பாட்டிலை வைத்தாள்.