பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா

இரண்டாம் செமஸ்டர் ரிசல்ட் வந்த வாரத்தில்தான் ஜோனத்தன் தரைக்குள் இறங்க ஆரம்பித்தான். யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்பார்கள். "ஓகே லா" என்பான். சிமெண்டுத் தரை அவன் காலை இன்னும் கொஞ்சம் உள்ளே வாங்கிக்கொள்ளும். கிள்ளானில் அவன் படித்த கல்லூரி இதைப் பெரிதுபடுத்தவில்லை. சுற்றிலும் மஞ்சள் கூம்புகளை வைத்தார்கள், கனமில்லாத ஷூ போடச் சொன்னார்கள். வகுப்பு முடிந்ததும் சிநேகிதன் தனேஷ் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிடுவான். முழங்கால் வரை போன பிறகுதான் யாரோ ஒரு புண்ணியவான் அவனை பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைக்கு மேல்மாடியில் நாடக சிகிச்சை நடத்தும் டீனாவிடம் அனுப்பினார்.

டீனா மாத்திரை தருவதில்லை. வாயால் சொல்ல முடியாததை நடித்துக் காட்டச் சொல்வார், அவ்வளவுதான். ஜோனத்தனுக்குச் சொல்ல இருந்தது ஒரே விஷயம்: எல்லாப் பாடத்திலும் ஃபெயில், இனி படிக்க முடியாது. சொல்லவேண்டிய ஆள் அப்பா கிரிகரி. போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர், மகனை இப்போதே 'எஞ்சினியர்' என்று கூப்பிடுகிறவர். டீனா அவனையே அப்பாவாக்கி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார். அவன் ஸ்டீரிங்கைப் பிடித்தான், இடுப்பு வலியில் முனகினான். அறையில் டீசல் நாற்றம் அடித்தது. நடித்து முடித்தவர்கள் கைகாலை உதறி, சொந்தப் பெயரைச் சொல்லி, வேடத்தைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும் என்பது அங்கே சட்டம். கொமூட்டர் ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று ஜோனத்தன் உதறாமலே ஓடினான்.

ஆகவே போர்ட் கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கியது கிரிகரிதான். வீட்டுக்கு வந்து, இயேசு படத்துக்குக் கீழே இருந்த அப்பாவின் நாற்காலியில் சாய்ந்து, "பாக்கியம், கோப்பி" என்றான். அம்மா பாக்கியம் அப்பா வழக்கமாகக் குடிக்கும் சீனி போடாத கோப்பியைக் கொண்டுவந்து வைத்தார். கணவர் கொஞ்சம் இளைத்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது. ஷிப்ட் முடிந்து நிஜக் கிரிகரி வந்தபோது வீட்டில் ஏற்கனவே ஒரு கிரிகரி இருந்தார். காலியாக இருந்தது மகனுடைய இடம் மட்டும். அலுத்துப்போய் வந்த மனுஷர், அதில் உட்கார்ந்தார்.

"எப்படிடா இருக்க, எஞ்சினியர்?" என்று கேட்டான் ஜோனத்தன்.

"ஓகே லா" என்றார் கிரிகரி. தரை அவரைக் கணுக்கால் வரை இழுத்தது. அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு, யாரும் அவருக்குச் சொல்லியிராததை அவரே சொன்னார். "முடியலப்பா. எல்லாத்துலயும் ஃபெயில். உங்க மொகத்தப் பாத்து சொல்ல பயமா இருக்கு."

ஜோனத்தன் அப்பாவுக்குள் கோபத்தைத் தேடினான். இத்தனை நாளும் அதற்குத்தான் பயந்திருந்தான். கிடைத்ததெல்லாம் இடுப்பு வலியும், பையனும் நம்மைப்போல லோரிக்கு வந்துவிடக்கூடாதே என்ற கவலையும்தான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "இதுக்காடா இப்படி? மொதல்ல சாப்பிடு லா. மத்தத அப்புறம் பாக்கலாம்" என்றான். தரை கிரிகரியின் காலை விட்டது.

அவன் உதறாமலே போனது நினைவுக்கு வந்து டீனா பதறிப்போய் போன் செய்தார். அவர் சொன்னபடி இருவரும் எழுந்து கைகாலை உதறிப் பெயர்களைச் சொன்னார்கள்.

ஜோனத்தன் இப்போது சுங்கை வேயில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் வேலை படிக்கிறான். வீட்டுத் தரையில் இரண்டு பாதக் குழிகள் அப்படியே இருக்கின்றன, மேலே கால்மிதி போட்டிருக்கிறார்கள். பேச முடியாத விஷயம் ஏதாவது வந்தால் அப்பாவும் மகனும் நாற்காலி மாறி உட்காருகிறார்கள். அதனால் பாக்கியம் சீனி டப்பாவைத் திறக்குமுன் அடுப்படியிலிருந்தே கேட்டுவிடுவார்.

"இன்னிக்கி யாரு அப்பா?"