தடியனைத் தின்ற வைரஸ்

சின்னவள் கண்ணாடித் தட்டை ஏந்திக்கொண்டு ஓடி வந்தபோதே பெரியவளுக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. என்ன விஷயம் என்றுகூட இன்னும் தெரியாது. தெரிந்த பிறகு எரிவதெல்லாம் மற்றவர்களுக்கு. பெரியவளுக்கு அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தாலே போதும்.

இருவரும் ஓரகத்திகள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு, ஒரே வீட்டில் கீழ்த்தளமும் மேல்தளமுமாக இருப்பவர்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் பெரியவள் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். எட்டு மாதம் முன்பு அங்கே ஆள் தேவைப்பட்டபோது, "எங்க வீட்லயே படிச்ச பொண்ணு ஒருத்தி இருக்கா சார்" என்று சொல்லிச் சின்னவளைச் சேர்த்துவிட்டதும் அவளேதான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்று தன்னைத் தானே நொந்துகொள்ளாத நாள் இல்லை.

"அக்கா, இங்க பாருங்களேன்! தடியன் செத்துட்டான்!"

தடியன் என்பது ஒரு பாக்டீரியா. ஆஸ்பத்திரிகளின் கழிவுநீர் வந்து விழும் தொட்டிகளில் பெரியவள் கண்டுபிடித்து, வளர்த்து, பெயரும் வைத்தது. எந்த ஆன்டிபயாட்டிக்கை வைத்தாலும் கொஞ்சமும் அசராமல் வளர்வான். சுத்திகரித்து ஆற்றில் விடும் தண்ணீரிலும் அவனுடைய கூட்டம் உயிரோடு போய்க்கொண்டிருந்தது. அது யார் உடம்பிலாவது புகுந்து நோயாக்கினால் எந்த மருந்தும் கேட்காது. மாதாமாதம் அறிக்கையில் 'சாகவில்லை' என்று எழுதி எழுதியே பெரியவளுக்குக் கை சலித்துவிட்டது. உள்ளதைச் சொன்னால், அவன்மேல் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. என்ன இருந்தாலும் அவள் பிடித்தவன்.

இப்போது தட்டு முழுக்கத் தடியன் பாலாடை மாதிரி படர்ந்திருந்தான். சின்னவள் ஒரு சொட்டு விட்ட இடம் மட்டும் துடைத்துவிட்டதுபோலத் தெளிவாக இருந்தது. அந்தச் சொட்டும் சாக்கடைத் தண்ணீர்தான். பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்கள் சாக்கடையிலேயே உண்டு. தண்ணீரில் குளோரோஃபார்ம் கலந்து குலுக்கினால் மற்ற கிருமிகள் செத்துப்போகும், வைரஸ் பிழைத்துக்கொள்ளும். மேலே தெளிகிற நீரை எடுத்துச் சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும்.

நிலையத்தின் இன்ஜினியர் வந்து பார்த்தார். அவருக்கு வாயெல்லாம் பல்.

"எட்டே மாசத்துல சாதிச்சிட்டியேம்மா! வெள்ளிக்கிழமை ஆராய்ச்சி நிலையத்துல இருந்து ஒரு மேடம் வராங்க. அவங்க இதை ஒத்துக்கிட்டா நமக்குப் புது லேப் கிடைச்சிடும். அதுக்குப் பொறுப்பு யாருன்னு நான் தனியா சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லைதான். அந்தப் பொறுப்புக்காகத்தான் பெரியவள் பதினோரு வருடமாக மூக்கைப் பொத்திக்கொண்டு தொட்டி தொட்டியாக ஏறி இறங்கினாள். நேற்று வந்தவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்களே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "நல்லதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கழுவிய பாத்திரங்களையே மறுபடியும் கழுவினாள்.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு சின்னவளின் டியூபை எடுத்து மூடியைத் திறந்தாள். குப்பென்று இனிப்பு வாடை. குளோரோஃபார்ம்!

பெரியவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. தெளிந்த நீரை எடுத்தவுடன் டியூபைக் கொஞ்ச நேரம் திறந்துவைத்து, மிச்சமிருக்கும் குளோரோஃபார்மைப் பறக்கவிட வேண்டும். இல்லாவிட்டால் தடியனைக் கொன்றது வைரஸா குளோரோஃபார்மா என்று கடவுளுக்கே தெரியாது. சின்னவள் மூடிவிட்டிருக்கிறாள். ஏன் மூடினாள் என்பதும் பெரியவளுக்குத் தெரியும். "டியூபைத் திறந்து போட்டுட்டுப் போகாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று போன வாரம்தான் அவளை விரட்டியிருந்தாள். அந்த நினைப்பு ஒரு கணம் உறுத்தியது. ஒரே ஒரு கணம்தான்.

வெள்ளிக்கிழமை அந்த மேடம் முன்னாலேயே இதைக் கேட்டு அவள் மூக்கை உடைக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். அதற்குக் கையில் ஆதாரம் வேண்டாமா? டியூபிலிருந்து கொஞ்சம் நீரைத் தன் டியூபில் ஊற்றி, வாடை போகும்வரை திறந்துவைத்தாள். பிறகு பத்தில் ஒரு பங்கு, நூற்றில் ஒரு பங்கு என்று படிப்படியாக நீர்க்க வைத்து, தடியன்மேல் ஊற்றிப் பரப்பினாள். குளோரோஃபார்ம்தான் காரணம் என்றால் இனி ஒன்றும் நடக்கக் கூடாது. வைரஸ் என்றால் தனித்தனி ஓட்டைகள் விழும்.

புதன்கிழமை காலை, யாரும் வருவதற்கு முன் வந்து பார்த்தாள். ஓட்டைகள் இருந்தன. ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னதாக, நாற்பத்து மூன்று. அதைவிடப் பத்து மடங்கு நீர்த்த கடைசித் தட்டில் நாலு. வைரஸ்தான். சின்னவள் தப்பாகச் செய்தும் சரியாகவே பிடித்திருந்தாள். பெரியவளுக்கு இடி விழுந்ததுபோல் ஆயிற்று. தட்டுகளையும் டியூபையும் பிரிட்ஜில் தன் பெட்டிக்குள் தள்ளி மூடினாள்.

வியாழன் மாலை சின்னவள் மாடியிலிருந்து இறங்கி, பெரியவளின் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

"அக்கா, எல்லாம் போச்சு. சாக்கடைத் தண்ணியே இல்லாம, வெறும் தண்ணியில குளோரோஃபார்ம் கலந்து சொட்டு விட்டுப் பார்த்தேன். அதுக்கும் அதே மாதிரி ஓட்டை விழுது. நான் பார்த்தது வைரஸே இல்ல."

"அப்புறம்?"

"எல்லாத்தையும் பிளீச் ஊத்திக் கொட்டிட்டேன். நாளைக்கு அந்த மேடம்கிட்ட என் தப்புன்னு சொல்லிடுறேன். நீங்க கிட்ட நின்னா போதும் அக்கா, தைரியமா இருக்கும்."

பெரியவளின் கையில் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. அப்படியானால் உலகத்தில் அந்த வைரஸ் மிச்சம் இருப்பது ஒரே இடத்தில்தான். அவளுடைய பெட்டியில், அவளுடைய கையெழுத்து போட்ட டியூபில். 'அவசரப்பட்டுட்டியே' என்று நாக்கு நுனிவரை வந்தது.

"சரி, போய் முகத்தைக் கழுவு" என்றாள்.

வெள்ளிக்கிழமை மேடம் வந்தார். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு, எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். இன்ஜினியரின் முகம் செத்துப்போயிற்று. மேடம் நோட்டை மூடப் போன நேரத்தில் பெரியவள் தட்டுகளையும் டியூபையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

மேடம் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகமே மாறிவிட்டது. "இது அருமையான வைரஸ் ஆச்சே! இது உங்களோடதா?"

"ஆமா" என்றாள் பெரியவள். அவ்வளவு சுலபமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

"எந்தத் தொட்டித் தண்ணி? அதே இடத்துல திரும்ப எடுத்தா இன்னும் நாலு வகை கிடைக்கும்."

ஆஸ்பத்திரித் தண்ணீர் வரும் தொட்டிகள் மட்டும் ஆறு. சின்னவள் எதில் எடுத்தாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தொட்டியையே பார்க்காமல் தண்ணீரைத் திருடியவள் அவள். இன்ஜினியர் அவளையே பார்த்தார். மேடம் பேனாவோடு காத்திருந்தார்.

பின்னாலிருந்து சின்னவளின் குரல் வந்தது. "மூணாவது தொட்டி மேடம். அக்காதான் திங்கட்கிழமை என்னை அனுப்பி எடுத்துட்டு வரச் சொன்னாங்க."

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். சின்னவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டிருந்தது. டியூபில் இருந்த தேதியைப் பார்த்திருப்பாள்; அவள் தட்டைக் காட்டிய அதே நாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் பெரியவளை உயிரோடு கொளுத்தியது. பொய் சொல்வதிலும் இவள்தானா பெரிய மனசுக்காரி? அதையும் எனக்கென்று விட்டுவைக்க மாட்டாளா?

மேடம் நோட்டில் பெரியவளின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்.

"அதை அடிச்சிடுங்க" என்றாள் பெரியவள்.

"ஏன்?"

"நான் யாரையும் அனுப்பல. அது இவளோட தண்ணி, இவ பிடிச்ச வைரஸ். பொய்யின்னு காட்டி உங்க முன்னாடி இவ மானத்தை வாங்கணும்னுதான் நான் சோதிச்சேன். உண்மைன்னு தெரிஞ்சதும் ஒளிச்சு வச்சேன்."

மேடம் பெயரை அடித்தார். சின்னவளின் பெயரைக் கேட்டு எழுதினார். பொறுப்பு யாருக்கு என்பதும் அதோடு முடிந்துபோயிற்று.

வெளியே வரும்போது சின்னவள் ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"விடு. நான் ஒண்ணும் திருந்திடல. உன்னைப் பார்த்தா இப்பவும் எனக்குப் பத்திக்கிட்டுதான் வருது."

"வரட்டும் அக்கா. நீங்க இல்லேன்னா அது இந்நேரம் பிளீச்ல போயிருக்கும். எனக்கு வேண்டியவங்க யாரும் அதைத் திரும்பச் சோதிச்சிருக்க மாட்டாங்க. அடுத்த டியூபையும் நீங்களே பாருங்க."

"பார்ப்பேன். ஒரு தப்பு இருந்தாலும் விட மாட்டேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.