சிவலைக்குப் போடும் முடிச்சு

ஏழு வருடமாகக் காலபோக நெல் அறுவடை முடிந்ததும் பரமலிங்கமும் அவன் கூட்டாளி ஹமீட்டும் பாறை ஏறப் போவார்கள். கிளிநொச்சியில் காலை ரயில், சரக்குப் பெட்டியில் சைக்கிள். புளியங்குளத்தில் இறங்கி நெடுங்கேணி வீதியில் மிதித்தால் பருந்துப்பாறை. அவர்களின் ஊரான உருத்திரபுரத்தில் இதைப் பைத்தியம் என்றார்கள். பரமலிங்கத்தின் மனைவி பத்மாசனிக்கு மட்டும் பொறாமை பொறாமையாக வரும். 1961இல் ஹமீட் காய்ச்சலில் படுத்தான். அவள் கணவன் முன்னால் போய் நின்றாள்.

"நான் வாறன்."

"வாரும். ஆனா பயமெண்டு ஒருக்காச் சொன்னாலும், பிறகு ஒருநாளும் கேக்கக்கூடாது."

"ஓம்," என்றாள். இன்று தவறினால் ஆயுளுக்கும் குசினி அடுப்படிதான் என்று அவளுக்குத் தெரியும்.

சைக்கிள் கரியரில் அவளை வைத்து மிதித்தபடி, ஏறக் கயிறு வேண்டாம், இறங்கத்தான் வேண்டும் என்று வழி நெடுகப் பாடம் எடுத்தான். பிறகு கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மளமளவென்று ஏறினான். பத்மாசனி அவன் கால்களையே பார்த்திருந்தாள். எந்த வெடிப்பில் இடக்கால், எந்தப் புடைப்பில் கை என்பதெல்லாம் அவளுக்குப் பாடமாகிவிட்டது.

உச்சியில் நின்ற வீரை மரத்தில் கயிற்றின் நடுவைக் கட்டி, இரண்டு முனைகளையும் கீழே விட்டான்.

"நீர் புதுசு, ஒண்டை இடுப்பில கட்டும். மற்றதில சாப்பாட்டுப் பையைக் கட்டும். பயப்பிடாதையும், நான் இருக்கிறன்!"

பத்மாசனி எதையும் சோதிக்காமல் நம்புகிறவள் அல்ல. முதல் முனையில் தொங்கிப் பார்த்தாள்; அசையவில்லை. மற்றதை வெடுக்கென்று இழுத்தாள். கயிறு முழுவதும் சரசரவென்று அவள் தலையில் வந்து விழுந்தது.

அவள் கழுத்தை நிமிர்த்தி உச்சியைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, என்ன முடிச்சுப் போட்டனீங்கள்?"

"அது... சிவலைக்குப் போடுறதுதான்."

சிவலை அவர்களின் உழவு மாடு. விடியற்காலை அவசரத்தில் அவிழ்க்க வசதியாக, ஒரு முனையை இழுத்தால் கழன்றுவிடும் முடிச்சு அது. பாறை உச்சியிலும் கைப்பழக்கம் மனிசனை விடவில்லை. மற்ற முனையில் தொங்கும் சாப்பாட்டுப் பையின் பாரமே முடிச்சைக் கழற்றி அவளை நடுவழியில் விழுத்தியிருக்கும்! பத்மாசனிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இனிக் கயிறில்லாமல் அவனும் இறங்க முடியாது.

"ஊருக்குள்ள போய் ஆரையும் கூட்டிக்கொண்டு வாருமன்," என்றான் சுதி இறங்கி.

"ஒருத்தரும் தேவையில்லை."

சேலையை வரிந்து கட்டி, கயிற்றைத் தோளில் போட்டு ஏறினாள். இடக்கால், கை, வலக்கால். ஓரிடத்தில் அவனுக்கு எட்டிய புடைப்பு அவளுக்கு எட்டவில்லை. வெடிப்புக்குள் முழங்கையைச் செருகி உந்தினாள். உச்சியில் காற்று முகத்தில் அடித்தது. கீழே காடு, காட்டுக்கு அப்பால் குளம். இதையா ஏழு வருடம் ஒளித்து வைத்திருந்தார்கள்!

வீரை மரத்தில் கயிற்றைக் கட்டி, முழுப் பாரத்தையும் போட்டு இழுத்தாள்.

"இது கிணத்து வாளிக்குப் போடுறது. ஊறினாலும் கழலாது. இறங்குங்கோ."

பரமலிங்கம் கயிற்றைப் பிடித்தான். கீழே பார்த்தான். முடிச்சைப் பார்த்தான்.

"பயமெண்டால் சொல்லுங்கோ," என்றாள் பத்மாசனி. "ஆனா பிறகு ஒருநாளும் கேக்கக்கூடாது."

அவன் வாயே திறக்காமல் இறங்கினான்.