விண்டோஸ் வர மறுத்த வியாழக்கிழமை

ரஜிதா வேலை அறைக்குள் கால் வைத்தபோது பத்மாசனி இடுப்பில் கையூன்றி கொம்பியூட்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். திரை முழுக்க நீலம். நடுவில் முகத்தைத் தொங்கப்போட்ட ஒரு குறி. அதன் கீழே, ஏதோ கோளாறாம், மன்னிக்கவேண்டுமாம் என்று ஆங்கிலத்தில் நான்கு வரி.

"என்ன செய்தனி இதுக்கு?" என்று பத்மாசனி கேட்டாள். வந்தவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு விசயத்துக்கு வருகிற பழக்கம் அவளுக்கு எப்போதுமே இருந்ததில்லை.

இரண்டு பேரும் கிளிநொச்சியில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மெசினில் இருந்து தைத்தவர்கள். விடியமுன்னம் தொழிற்சாலை வான் வண்டியில் ஏறி, இருட்டிய பிறகு இறங்கி, பிள்ளைகளின் முகத்தை நித்திரையில் மட்டும் பார்க்கிற சீவியம் வெறுத்துப்போய் ஒரே நாளில் வேலையை விட்டார்கள். ஒரு பழைய எம்பிராய்டரி மெசினும், வவுனியாவில் ஏதோ அலுவலகம் கழித்துவிட்ட கொம்பியூட்டரும் வாங்கி, வட்டக்கச்சியில் ரஜிதாவின் வீட்டோடு ஒட்டியிருந்த அறையில் வைத்துத் தொழிலைத் தொடங்கினார்கள். பூவோ பேரோ, கொம்பியூட்டரில் வரைந்து கொடுத்தால் மெசின் அதைத் துணியில் தைத்துத் தள்ளும். வரைகிற மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். விண்டோஸ் இல்லையென்றால் அந்த மெசின் வெறும் இரும்புக் கட்டி.

இதற்குள் லினக்ஸ் எப்படி வந்தது என்பதுதான் பத்மாசனியின் தீராத குறை. ஊரில் எவர் பென் டிரைவ் கொண்டுவந்தாலும் அதற்குள் வைரஸ் குடியிருக்கும். அவற்றைத் திறந்து பார்க்கவும் இணையத்தில் தேடவும் தனியாக ஒன்று இருந்தால் விண்டோஸ் நோய்நொடி இல்லாமல் இருக்கும் என்று, போனில் வீடியோ பார்த்துப் படித்து, ரஜிதாதான் லினக்ஸையும் அதே பெட்டிக்குள் ஏற்றினாள். சுவிச்சைப் போட்டால் எது வேண்டும் என்று திரை கேட்கும். அம்புக்குறியால் ஒன்றைத் தெரிவுசெய்யவேண்டும். அன்றைக்கே பத்மாசனி சொல்லிவிட்டாள், இது ஒரு வீட்டுக்குள் இரண்டு பெண்சாதி வைக்கிற வேலை, ஒருநாள் சண்டை வராமல் இராது என்று. இன்றைக்கு அவளுக்கு வாய் வந்துவிட்டது.

"பிந்தி வந்தவள் முந்தி இருந்தவளைக் கலைச்சுப்போட்டாள். நான் சொல்லேல்லையே?"

ரஜிதா பெட்டியை நிறுத்தித் திரும்பப் போட்டாள். கேள்வி வந்தது. விண்டோஸைத் தெரிவுசெய்தாள். வட்டம் சுற்றியது, நீலம் வந்தது, பெட்டி தானே நின்று தானே எழும்பியது, மறுபடியும் நீலம். லினக்ஸைத் தெரிவுசெய்தபோது அது ஒரு குறையும் இல்லாமல் சிரித்த முகத்தோடு திறந்தது. குற்றவாளி யார் என்று கேட்டால் எவரும் அதைத்தான் காட்டுவார்கள்.

சனிக்கிழமை வவுனியாவில் வலைப்பந்தாட்டப் போட்டி. பள்ளிக்கூட அணிக்கு ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் தமிழில் தைத்த ரீசேட் சட்டை வேண்டும் என்று ராஜினி ரீச்சர் இவர்களை நம்பிக் கொடுத்திருந்தா. வடிவாகச் செய்து கொடுத்தால் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் சொல்லுவா. தவறினால் சொல்லாமலே ஊருக்குத் தெரிந்துவிடும். அதைவிடப் பெரிய வில்லங்கம், தொழிற்சாலையின் சூப்பவைசர் கஜனி முதல்நாள் பத்மாசனிக்குப் போன் எடுத்திருந்ததுதான். இரண்டு இடம் இருக்கிறது, நாளைக்குப் பின்னேரம் திரும்ப எடுப்பேன், ஓம் என்றால் உங்களுக்கு, இல்லையென்றால் வேறு ஆட்களுக்கு என்று சொல்லியிருந்தாள். பத்மாசனி அப்போது இல்லை என்று சொல்லவில்லை. அவளைக் குறை சொல்லவும் ஏலாது, உயர்தரம் படிக்கிற இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீடு.

பத்மாசனி நிரோஜனுக்குப் போன் போட்டாள். கிளிநொச்சி ரவுணில் கொம்பியூட்டர் திருத்துகிற பெடியன், நல்லவன், ஆனால் யாருக்கு என்ன வருத்தம் என்றாலும் பனடோல் கொடுக்கிற டொக்டர் மாதிரி எல்லாவற்றுக்கும் போமற் பண்ணுவான், உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவான். பாதி கேட்டவுடனேயே கொண்டுவரச் சொன்னான். போமற் பண்ணினால் அந்த எம்பிராய்டரி மென்பொருள் என்ன ஆகும் என்று ரஜிதா குறுக்கே கேட்டாள். விற்ற கடை கொழும்பில் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. அந்த மென்பொருளின் திறப்பு எண்ணும் ஒருமுறைதான் செல்லும். நிரோஜன் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் அது போனதுதான் அக்கா என்றான்.

பத்மாசனி போனை வைத்தாள். அவள் குரல் இறங்கியிருந்தது, அதுதான் ரஜிதாவைப் பயப்படுத்தியது.

"பின்னேரம் கஜனி எடுக்கேக்க இது வரேல்லையெண்டால் நான் ஓமெண்டு சொல்லிப்போடுவன். உனக்கும் சேத்துத்தான் பிள்ளை."

ரஜிதாவுக்குக் கோபம் உச்சியில் ஏறியது. தனக்கும் சேர்த்துச் சொல்ல இவள் யார்? ஆனால் கோபத்துக்கு அடியில் பயம் கிடந்தது. உண்மையிலேயே தன் கைதான் கெடுத்திருந்தால்? அந்த வானில் மறுபடி ஏறி, ஜன்னலில் தலையைச் சாய்த்து, போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போகவேண்டியதுதான். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

முதலில் லினக்ஸில் இருந்துகொண்டே விண்டோஸின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். சாமான் சட்டியெல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. கோயில் திருவிழாவுக்குத் தைத்த மயில், கலியாணச் சேலைக்கு வரைந்த மாங்காய், ரீச்சரின் பிள்ளைகளுடைய பெயர்கள், ஒன்றும் குறையவில்லை. அவளுக்கு மூச்சு வந்தது. வீட்டுக்குள் எல்லாம் இருக்கிறது, வாசல் மட்டும் திறக்கவில்லை. வாசல் திறக்கவில்லை என்று வீட்டை இடிக்கிறவனிடம் கொடுப்பதா?

போனில் இருந்து இணையம் எடுத்துத் தேடப் பார்த்தால், எந்தப் பக்கமும் திறக்க மறுத்தது. உங்கள் கொம்பியூட்டரின் திகதி பிழை என்றது. பார்த்தால் திரையின் மூலையில் 2009 தை முதலாம் திகதி. இது வேறையா என்று சினந்துகொண்டு திகதியைத் திருத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். அந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்திருந்தால் அரை நாள் மிச்சம். பதறுகிறவளுக்குக் கண்ணெதிரே கிடப்பது தெரியாது.

எது வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்கும் அந்தக் கேள்வியைப் புதிதாக எழுதச் சொல்லி இணையத்தில் ஒருவர் அறிவுரை சொல்லியிருந்தார். எழுதினாள். நீலம். விண்டோஸ் தன்னைத்தானே திருத்திக்கொள்ள விடச் சொல்லி இன்னொருவர். விட்டாள். அது நெடுநேரம் திருத்துகிற பாவனை காட்டிவிட்டு என்னால் முடியவில்லை என்று கைவிரித்தது. பத்மாசனி வெறும் ரீசேட்டுகளை ஒவ்வொன்றாக உதறி மடித்துக்கொண்டிருந்தாள். துணி மடிக்க அவ்வளவு சத்தம் தேவையில்லை. பத்துத்தரம் மடித்த துணியையே திரும்ப மடித்தாள்.

ரஜிதாவின் அம்மா மீனம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள். கண்டியில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் வன்னிக்கு வந்து, இங்கேயே கலியாணம் முடித்து வயல் செய்து வயதுபோனவள். ஆனால் அவள் தமிழ் மட்டும் இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை. நீலத் திரையைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"நேத்து இடியில அடிபட்டிருக்கும்ங்கிறீங்களா? நாந்தான் மொத இடிக்கே ஓடியாந்து எல்லாத்தையும் புடுங்கிட்டேனே."

ஐப்பசி மாதம் பின்னேரங்களில் வானம் முழங்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றாத வீடு வன்னியில் இல்லை. ஒருமுறை இடி விழுந்து தொலைக்காட்சிப் பெட்டி கருகிய வீட்டில் கேட்கவே வேண்டாம். போன வாரமும் அம்மா கழற்றினாள், அதற்கு முந்திய வாரமும் கழற்றினாள், ஒன்றும் ஆகவில்லை. ரஜிதா தேத்தண்ணியை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே வைத்தாள். பிளக் இல்லாதபோது பெட்டி திகதியை எதில் வைத்திருக்கிறது? உள்ளே ஒரு சின்ன வட்டப் பற்றரி இருக்கிறது. அது செத்தால்? நேற்றுவரை அரை உயிரோடு இருந்தது நேற்று முற்றாகச் செத்திருந்தால்? திகதியை மறந்த பெட்டி வேறு எதையெல்லாம் மறந்திருக்கும்?

காலமை பிளக்கைத் திரும்பப் போட்டது யார் என்று கேட்டாள். தான்தான் என்றாள் பத்மாசனி.

"போட்ட உடன என்ன வந்ததக்கா?"

"வழமையா வாற மாதிரித்தான். கறுப்பில இங்கிலீசில ரெண்டு மூண்டு வரி. எஃப் ரெண்டை அமத்தச் சொன்னது, அமத்தினன்."

"ஏன் அமத்தச் சொன்னது?"

"அதை நான் எப்பிடிக் கேக்கிறது? அமத்தச் சொன்னது, அமத்தினன்."

ரஜிதா எழுந்து போய் மின்சாரத்தை அணைத்து, பிளக்கைக் கழற்றி, கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் போட்டாள். கறுப்புத் திரையில் அதே வரிகள் வந்தன. ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். நினைவு கெட்டுவிட்டது, அமைப்புகளை நீங்களே பார்க்க எஃப் ஒன்றை அமத்துங்கள், தொழிற்சாலையில் இருந்து வந்தபடி மாற்றிவிட்டுத் தொடர எஃப் இரண்டை அமத்துங்கள். அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"அக்கா, எங்களுக்கு முதலே நீங்கள் இதைத் தொழிற்சாலைக்கு அனுப்பிப்போட்டியள்."

பத்மாசனிக்கு விளங்கவில்லை. விளங்கியபோது, எஃப் இரண்டை அமத்திய விரலை மற்றக் கையால் மூடிக்கொண்டாள். ரஜிதா அவளை அறிந்த காலத்தில் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இனித் தேடவேண்டியது என்ன என்று ரஜிதாவுக்குத் தெரிந்தது. பற்றரி செத்தபின் விண்டோஸ் நீலமாகிறது, லினக்ஸ் ஓடுகிறது, ஏன் என்று போனில் கேட்டாள். முதல் பதிலிலேயே கிடைத்தது. ஹார்ட் டிஸ்கோடு பெட்டி பேசுவதற்கு இரண்டு முறைகள், பழையது ஐ.டி.ஈ., புதியது ஏ.எச்.சி.ஐ. தன்னை ஏற்றிய அன்றைக்கு எந்த முறை இருந்ததோ அதுதான் இந்த விண்டோஸுக்குத் தெரியும். மாற்றினால் தன் வீட்டையே தனக்கு அடையாளம் தெரியாமல் வாசலில் நின்று அழும். லினக்ஸ் ஒவ்வொரு முறையும் யாரப்பா நீ என்று புதிதாக விசாரித்துக்கொண்டு உள்ளே போய்விடும். பெட்டி தொழிற்சாலைக்குத் திரும்பியபோது பழைய முறைக்குத் திரும்பிவிட்டது. இளையவள் மூத்தவளைக் கலைக்கவே இல்லை.

எஃப் ஒன்றை அமத்தி உள்ளே போனாள். பக்கம் பக்கமாகப் புரட்டி அந்த வரியைக் கண்டுபிடித்தாள். ஐ.டி.ஈ. என்றுதான் இருந்தது. மாற்றினாள், சேமித்தாள், வெளியே வந்தாள். கேள்வி வந்தது. அம்புக்குறியை இறக்கி விண்டோஸில் வைத்து அமத்தினாள். வட்டம் சுற்றியது. பத்மாசனி துணியைப் போட்டுவிட்டுப் பின்னால் வந்து நின்றாள். வட்டம் இன்னும் சுற்றியது. பிறகு அவர்களின் திரை வந்தது, மயில் படமும் மூலையில் ஊசி நூல் போட்ட அந்த மென்பொருளும். ரஜிதா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணால் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. சந்தோசத்துக்கு வருகிற தண்ணீரை ஏன் துடைக்கவேண்டும்?

என்ன பற்றரி என்று மட்டும் பத்மாசனி கேட்டாள். நடராசா கடையில் தராசுக்குப் போடுகிற வட்டப் பற்றரிதான் என்றாள் ரஜிதா. யாரும் கேட்காமலே பத்மாசனி சைக்கிளை எடுத்துக்கொண்டு வெயிலில் போனாள். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிசிக்கு அதுவே பெரிய மன்னிப்பு. வந்தபோது ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வந்திருந்தாள், ஒன்று செத்தால் மற்றதாம்.

பெட்டியைத் திறந்து பற்றரியை மாற்றினார்கள். முறையை மறுபடி சரியாக வைத்துவிட்டு, ரஜிதா வேண்டுமென்றே பிளக்கைக் கழற்றினாள். மீனம்மா கதவடியில் நின்று வாயில் கையை வைத்தாள். திரும்பப் போட்டபோது கறுப்பு வரிகள் வரவில்லை. நேரே கேள்விக்குப் போய், விண்டோஸுக்குப் போய், திரை திறந்தது. மூலையில் இன்றைய திகதி இருந்தது.

முதல் பெயரை மெசினுக்கு அனுப்பினாள். யதுர்ஷிகா. ஊசி இறங்கியது, யகரத்தின் வளைவைப் பிடித்தது, மஞ்சள் நூல் நீலத் துணியில் ஓடத் தொடங்கியது. அறை முழுக்க அந்தச் சத்தம்தான். எழுத்து எழுத்தாகப் பெயர் வளருவதை மூன்று பெண்களும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது பத்மாசனியின் போன் அடித்தது. கஜனி. பத்மாசனி ரஜிதாவின் முகத்தைப் பார்த்தாள். இதற்குப் பதில் சொல்லவேண்டியவள் தானல்ல என்று ரஜிதாவுக்குத் தெரியும். மெசினை நிறுத்தட்டுமா என்று சைகையால் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டிய பத்மாசனி, போனைக் காதில் வைத்துக்கொண்டு, மெசினுக்கு இன்னும் கிட்டப் போய் நின்றாள், அந்தச் சத்தம் மற்றப் பக்கத்துக்கும் கேட்கட்டும் என்று.

"நாங்கள் வரேல்லை தங்கச்சி, ரெண்டு பேரும்தான். எங்களுக்கு இஞ்ச வேலை கிடக்கு."