நேர்ந்து விட்ட மீன்

மேலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் கண்மாயில் மீன்பிடித் திருவிழா நடக்கும்போது நடுப்பள்ளத்தை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். அதில் தங்குகிற மீன்தான் மறுவருஷத்துக்கு விதை. இந்தப் பங்குனியில் அந்தப் பள்ளத்தையும் இறைத்து மீனை மொத்தமாக அள்ளிவிட வேண்டும் என்று மதுரையிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர் திவ்யா சொன்னதும் மடையடியில் கூடியிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

"ஆப்பிரிக்கக் கெளுத்தி இருக்குண்ணே. விட்டா அயிரை, விரால் எதையும் வைக்காது. அடுத்த மழைக்குக் கண்மாய் நெறஞ்சு மறுகால் பாஞ்சா கீழ உள்ள கண்மாய்க்கெல்லாம் போயிரும்."

"ஒருத்தர் கண்ணுலயும் படலையேம்மா," என்றார் ஊர்ப் பெரியவரான அம்பலகாரர் ராஜபாண்டி.

"மீன் உதிர்க்கிற சளி, கழிவு எல்லாத்துலயும் அதோட மரபணு இருக்கும். தண்ணிய வடிகட்டிச் சோதிச்சதுல தெரிஞ்சுச்சு."

"அப்ப அதுல மூத்திரம் பெஞ்ச மாட்டையும் சொல்லிருவியாத்தா?" என்று மோட்டார்க்காரன் காளை கேட்க, கூட்டம் சிரித்தது.

"மாடுன்னு சொல்லலாம்ணே. எந்த வீட்டு மாடுன்னு சொல்ல முடியாது."

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற சிவபாண்டி சிரிக்கவில்லை. போன ஆடியில் அவன் மகள் முனீஸ்வரி மூளைக்காய்ச்சலில் பெரியாஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். அவளுக்காகக் கண்மாயில் மீன்குஞ்சு விடுவதாக நேர்ந்துகொண்டான். வழியில் ஒன்று செத்தாலும் அபசகுனம் என்று பயந்து, சாகாத குஞ்சாகக் கேட்டு வாங்கினான். வியாபாரி கொடுத்தவை மீசை வைத்த கறுப்புக் குஞ்சுகள். குடத்தில் ஒன்றுகூடச் சாகவில்லை. மூன்றாம் நாள் மகள் கண் திறந்தாள்.

"சந்தை மீன யாராச்சும் இங்க வச்சுக் கழுவியிருப்பாங்க, அந்தச் சளியா இருக்கும்," என்றார் ராஜபாண்டி. "அதுக்காக விதைமீன அழிக்கச் சொல்றியா?"

"கழுவியிருக்கலாம்ணே. மூணு இடத்துல எடுத்தேன், மூணுலயும் இருக்கு. ஆனா எத்தனை மீனுன்னு தண்ணி சொல்லாது."

"அப்ப இறைக்க முடியாதும்மா."

ஆட்கள் எழுந்தார்கள்.

"நாந்தான் விட்டேன் மாமா," என்றான் சிவபாண்டி. "நாப்பது குஞ்சு. எம் மகளுக்கு நேர்ந்து விட்டேன்."

ராஜபாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நேர்ந்து விட்டதக் கொன்னா குத்தம்டா மாப்ள. புள்ளைக்கு விட்டது. நாங்க சொல்ல முடியாது. நீ சொல்லு."

சிவபாண்டி பள்ளத்தைக் கைகாட்டினான்.

"இறைங்க மாமா. ஒண்ணு விடாம அள்ளிருங்க."

காளை மோட்டார் கொண்டுவரப் போனான். முனீஸ்வரியின் பள்ளிக்கூடம் விட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சிவபாண்டி நேராக அங்கே போய் வாசலில் நின்றுகொண்டான்.