இருபது வினாடிக் கடல்

"கோடு மேடம், உங்க கோட்டுக்கு வெளியே ஒரு குடும்பம் குடியிருக்குது. காலி பண்ணச் சொல்லிடலாமா?"

கேட்டுக்கொண்டே வரைபட அறைக்குள் வந்தான் நீர்க்காக்கை. மணி ஒன்பது பத்து. அவன் தலையிலிருந்து சொட்டிய தண்ணீர், காலையில்தான் துடைத்த தரையில் குட்டை கட்டியது.

கடல் காப்பக அலுவலகத்தில் அவளை எல்லாரும் கோடு மேடம் என்றுதான் அழைப்பார்கள். பத்தொன்பது வருடமாகக் கடலில் கோடு போடுவது அவள் வேலை. இதற்கு உள்ளே யாரும் கை வைக்கக் கூடாது, இதற்கு வெளியே கப்பல் விடலாம், மண் அள்ளலாம் என்று அளந்து, வரைந்து, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். அவள் போட்ட கோட்டை மீன்கூட அனுமதிச் சீட்டு வாங்காமல் தாண்டாது என்பது கேன்டீன் ஜோக்.

நீர்க்காக்கை என்பதும் பட்டப்பெயர்தான்; அவன் முக்குளிப்பவன். கடலடியில் புல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதை யார் மேய்கிறார்கள் என்று அவன் பார்த்து எழுதி வருவதை வைத்துத்தான் அவள் கோடு போடுவாள். காதில் சீழ் வைத்ததால் ஒரு மாதம் கரையில் கிடந்தவன், இன்றைக்குத்தான் மறுபடி தண்ணீரில் இறங்கியிருந்தான்.

"என்ன குடும்பம்?"

"கடற்பசு. அம்மாவும் குட்டியும். குட்டி என் இடுப்பு உயரம்கூட வராது. அம்மா முதுகுல சாஞ்சுக்கிட்டே நீந்துது. இந்தாங்க."

கேமராவை நீட்டினான். பச்சைக் கடற்புல்லின் நடுவே, யாரோ சவரக்கத்தியால் வழித்ததுபோல் வளைந்து வளைந்து போகும் வெற்றுத் தடங்கள். கடற்பசு மேய்ந்த வழி. மணல் இன்னும் அடங்கவில்லை.

"இது எங்க எடுத்தது?"

"தெற்கு மிதவைக்கு வெளியே. முந்நூறு மீட்டர் இருக்கும்."

"வெளியே புல்லே கிடையாதே."

"அப்ப இது என்ன, தரைவிரிப்பா?"

அவள் சிரிக்கவில்லை. புல் முடியும் இடத்தில்தான் கோடு. போன வாரம்தான் அந்தக் கோட்டின் மேல் மிதவை போட்டார்கள். மிதவைக்கு வெளியே எப்படிப் புல் இருக்க முடியும்?

பீரோவைத் திறந்து அவனுடைய பழைய அளவைக் குறிப்பேட்டை எடுத்தாள். உப்பு ஏறி விறைத்த பக்கம். 'தெற்கு விளிம்பு: 24.50.' பக்கத்தில் அரசு அறிவிக்கையின் நகலை விரித்தாள். 'இருபத்து நான்கு நிமிடம், ஐம்பது வினாடி.' கீழே அவள் கையெழுத்து.

இரண்டையும் அருகருகே வைத்து மறுபடி படித்தாள்.

முக்குளிப்பவர்களின் கையடக்கக் கருவி வினாடி காட்டாது. நிமிடத்தையே புள்ளி வைத்துக் காட்டும். புள்ளி ஐம்பது என்றால் அரை நிமிடம், அதாவது முப்பது வினாடி. அலுவலகப் படிவத்திலோ நிமிடத்துக்கு ஒரு கட்டம், வினாடிக்கு ஒரு கட்டம். புள்ளிக்கு முன்னால் இருந்ததை முதல் கட்டத்திலும், பின்னால் இருந்ததை இரண்டாவது கட்டத்திலும் அப்படியே போட்டுவிட்டாள். இரண்டரை மணிக்கு வர வேண்டியவரை இரண்டு ஐம்பதுக்கு வரச் சொன்ன கதை.

இருபது வினாடி. கடலில் அது அறுநூறு மீட்டர். அறுநூறு மீட்டர் அகலப் புல்வெளியை, தன் கையாலேயே காப்பகத்துக்கு வெளியே தள்ளியிருக்கிறாள்.

"நீர்க்காக்கை, இன்னைக்கு தூர்வாரற கப்பல் வேலை தொடங்குது."

"தெரியும். எங்க?"

அவள் வரைபடத்தில் விரலை வைத்தாள். கப்பல் பாதையை அகலப்படுத்த அனுமதித்த இடம். சரியாக அந்த அறுநூறு மீட்டர். அவன் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்தது.

"எத்தனை மணிக்கு?"

"பதினோரு மணி."

* * *

துணை இயக்குநர் இரண்டாவது மாடியில் இருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பிழைங்கற வார்த்தையை எங்கயும் சொல்லாதீங்க. திருத்தம்னு ஒரு குறிப்பு தயார் பண்ணுங்க. அடுத்த கூட்டத்துல வெச்சிடலாம்."

"அடுத்த கூட்டம் பதினெட்டாம் தேதி சார். கப்பல் பதினோரு மணிக்கு."

"எழுதினது நீங்க. சரிபாத்தது நான். அது ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு சார்."

"அப்ப பதறாதீங்க. நானே கப்பல் கம்பெனிக்குப் போன் பண்றேன். காரணம் எதுவும் சொல்லாம ரெண்டு நாள் தள்ளி வைக்கச் சொல்றேன். நீங்க போய் உக்காருங்க."

போய் உட்கார்ந்தாள். திரையில் கப்பல்களின் நகர்வு தெரிந்தது. தூர்வாரும் கப்பல் துறைமுகத்தில் ஆரஞ்சுப் புள்ளியாக நின்றது. ஒன்பது ஐம்பதுக்குப் புள்ளி அசைந்தது. திரும்பி வந்துவிடும் என்று நினைத்தாள். பத்து மணிக்கு அது துறைமுக வாயைத் தாண்டியிருந்தது.

அந்தக் கப்பலின் கேப்டன் அவளுடைய கொழுந்தன். கணவனின் ஒரே தம்பி. கேப்டனாக அவனுக்கு இது முதல் கப்பல். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சாப்பாட்டு மேசையில், "அண்ணி போட்ட கோட்டுக்கு ஒரு சாண் இந்தப் பக்கமே நின்னுக்கறேன், போதுமா?" என்று கேட்டு, அவள் தட்டிலிருந்த கடைசித் துண்டையும் எடுத்துத் தின்றவன்.

அவன் கைபேசி அணைந்திருந்தது. வேலை நேரத்தில் எல்லாருடைய போனும் கப்பலில் ஒரு பெட்டிக்குள் போய்விடும். கம்பெனிக்குப் பேசினாள்.

"உங்க ஆபீஸ்லேருந்தா? இன்னைக்கு யாரும் கூப்பிடலியே மேடம்."

போனை வைத்தாள். அவர் கூப்பிடவே இல்லை. பதினோரு மணி தாண்டட்டும் என்று காத்திருக்கிறார். புல் போய்விட்டால் பிழையும் போய்விடும். இல்லாத புல்லுக்கு யார் அளவு கேட்கப் போகிறார்கள்?

கட்டுப்பாட்டு அறை வயர்லெஸ்ஸைத் தொட அவருடைய அனுமதி வேண்டும். ரோந்துப் படகில் இருப்பதைத் தொட யார் அனுமதியும் தேவையில்லை.

"டீசல் இருக்கா?" என்று கேட்டபடியே படிகளில் இறங்கினாள்.

"போறதுக்கு இருக்கு," என்றான் பின்னால் ஓடி வந்த நீர்க்காக்கை. "வர்றதைப் பத்தி அப்புறம் யோசிப்போம்."

* * *

பத்து ஐம்பது. தூர்வாரும் கப்பல் கண்ணுக்குத் தெரிந்தது. பக்கவாட்டில் யானைத் தும்பிக்கைபோல் தொங்கிய உறிஞ்சு குழாய் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அது தரையைத் தொட்டு, பம்பு ஓடத் தொடங்கினால், மணல், புல், வேர் எல்லாம் ஒரே வாயில் மேலே போய்விடும். பெரிய கடற்பசு சத்தம் கேட்டு விலகக்கூடும். குட்டிக்குச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதே தெரியாது.

ரிசீவரை எடுத்தாள்.

"தூர்வாரும் கப்பல், இது காப்பக ரோந்துப் படகு. குழாயை நிறுத்துங்க. ஓவர்."

சிறிது நேரம் இரைச்சல். பிறகு அவன் குரல்.

"அண்ணியா? என்ன இந்தப் பக்கம்?" உடனே குரல் விறைத்தது. "ரோந்துப் படகு, நாங்க எல்லைக்கு வெளியேதான் இருக்கோம். வரைபடம் என் முன்னாடி இருக்கு. ஓவர்."

"வரைபடம் தப்பு. குழாய்க்குக் கீழே புல் இருக்கு. ஒரு தாயும் குட்டியும் இருக்கு."

"எழுத்துல ஏதாவது இருக்கா? பக்கத்துல கம்பெனி ஆள் நிக்கறார். எழுத்துல இல்லாம நான் நிறுத்த முடியாது."

எழுத்தில் இல்லை. ஆனால் ஒரு வழி இருந்தது. அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். வரைபடம் போட்டவரே, தன் வரைபடம் தவறு என்று பொது அலைவரிசையில் எச்சரிக்கை சொன்னால், எந்தக் கேப்டனும் நிறுத்தியாக வேண்டும். ஆனால் சொல்பவர் தன் பதவியைச் சொல்ல வேண்டும், தவறு தன்னுடையது என்று சொல்ல வேண்டும். முழுச் செய்தியையும் மூன்று தடவை. நடுவில் வேறு குரல் விழுந்தால் மறுபடி முதலிலிருந்து.

அந்த அலைவரிசையைத் துறைமுகம் கேட்கும். மீன்பிடிப் படகுகள் அத்தனையும் கேட்கும். இரண்டாவது மாடியும் கேட்கும். ஒரு தடவை சொன்னால் போதும், கோடு போடும் வேலை அவளிடம் திரும்பி வராது.

அவள் மூச்சு இழுப்பது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். "அண்ணி, வேண்டாம்," என்றான் தாழ்ந்த குரலில். "ஊரே கேக்குது."

"கேக்கட்டும்," என்றாள்.

குழாய் நீருக்குள் மறைந்தது. நீரோட்டம் தோதாக இருந்ததோ என்னவோ, பதினோரு மணிக்குக் காத்திருக்கவில்லை. பத்து ஐம்பத்தாறுக்குப் பம்பு உறுமத் தொடங்கியது. படகின் பலகை வழியாக அந்த அதிர்வு அவள் பாதத்தில் ஏறியது.

"எல்லாக் கப்பல்களுக்கும் எச்சரிக்கை. நான் கடல் காப்பக வரைபட அதிகாரி. காப்பகத்தின் தெற்கு எல்லை தவறாகக் குறிக்கப்பட்டுள்ளது. சரியான எல்லை அறுநூறு மீட்டர் தெற்கே. தவறு என்னுடையது."

ஒன்று. மறுபடி தொடங்கினாள்.

"எல்லாக் கப்பல்களுக்கும் எச்சரிக்கை. நான் கடல் காப்பக வரைபட..."

"இந்தச் செய்திக்கு அனுமதி கிடையாது." துணை இயக்குநரின் குரல். "யாரும் பொருட்படுத்த வேண்டாம்."

முறிந்துவிட்டது. முதலிலிருந்து. நீர்க்காக்கை படகின் விளிம்பைக் குத்தினான். கப்பலைச் சுற்றி மண் கலங்கிப் பழுப்பாகக் கிளம்பியது. அந்தப் பழுப்பில் நறுக்கிய புல் மிதந்தது.

"எல்லாக் கப்பல்களுக்கும் எச்சரிக்கை..."

"அனுமதி கிடையாதுன்னு சொன்னேன்."

மறுபடியும் முறிந்தது. இப்படியே அவர் மாலைவரைக்கும் குறுக்கே பேசலாம். அவள் ரிசீவரை வெறித்தாள். அப்போது கொழுந்தனின் குரல் வந்தது. சாப்பாட்டு மேசைக் குரலே இல்லை அது.

"எச்சரிக்கை சொல்லும்போது குறுக்கே பேசறவர் யார்? பதவியைச் சொல்லுங்க. எங்க கப்பல் பதிவேட்டுல எழுதணும். எல்லை சரின்னு நீங்க உறுதி சொல்றீங்கன்னும் எழுதணும். சொல்லுங்க, பேனா தயாரா இருக்கு."

இரைச்சல்.

"திரும்பக் கேக்கறேன். உங்க பதவி என்ன?"

இரைச்சல் மட்டும். இரண்டாவது மாடியில் யாரோ ரிசீவரை வைத்தது 'டிக்' என்று கேட்டது.

"ரோந்துப் படகு," என்றான் கேப்டன். "சொல்லுங்க. கேட்டுக்கிட்டிருக்கேன்."

சொன்னாள். முதல் தடவை குரல் உடைந்தது. இரண்டாவது தடவை பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பதுபோல் வேகமாக ஓடியது. மூன்றாவது தடவை ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். "தவறு என்னுடையது" என்று முடித்தபோது, எங்கோ ஒரு மீன்பிடிப் படகில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"எச்சரிக்கை மூணு தடவை கேட்டாச்சு. நேரம் பதினொண்ணு மூணு. பம்பு நிறுத்தம்."

உறுமல் நின்றது. பாதத்திலிருந்து அதிர்வு இறங்கிப் போனது. குழாய் நீர் வழிய மேலே வந்தது. ஏழு நிமிடம் ஓடியிருக்கிறது. ஏழு நிமிடத்தில் அது எவ்வளவு விழுங்கும் என்ற கணக்கு அவளுக்குத் தெரியும். போட விரும்பவில்லை.

நீர்க்காக்கை இன்ஜினை அணைத்தான். "மூச்சு விட மேலே வந்தாகணும்," என்றான். "அஞ்சாறு நிமிஷத்துக்கு மேல தாங்காது."

காத்திருந்தார்கள். பழுப்புக் கறை படகை நோக்கிப் பரவி வந்தது. இரண்டு நிமிடம். நான்கு. அவள் மடியில் கைபேசி அதிர்ந்தது. திரையில் 'துணை இயக்குநர்'. அதைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள்.

"அதோ."

கறையின் விளிம்பில் சாம்பல் நிற மூக்கு ஒன்று எழுந்தது. பெரியது. டயரிலிருந்து காற்று இறங்குவதுபோல் ஒரு சத்தம். அவ்வளவுதான். முதுகு வளைந்து உள்ளே போனது.

அவளும் நீர்க்காக்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வயர்லெஸ் கரகரத்தது. கம்பெனி ஆள் பக்கத்தில் நிற்பதை மறந்துவிட்ட குரல்.

"அண்ணி, ஏதாவது தெரியுதா? எத்தனை?"

அவள் பொத்தானை அழுத்தவில்லை. கண்ணெடுக்காமல் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடம் போயிற்று. இன்னும் அரை நிமிடம்.

பெரிய மூக்கு மறுபடி எழுந்தது. அதன் பக்கவாட்டில், முதுகில் தொற்றிக்கொண்டு, முஷ்டி அளவில் இன்னொன்று. அது மூச்சு விட்ட சத்தம் அவளுக்குக் கேட்கக்கூட இல்லை. ஒரு சின்னத் தூறல் மட்டும் தெரிந்தது.

"அண்ணி?"

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"ரெண்டு," என்றாள். "பதிவேட்டுல எழுதிக்க. ரெண்டு."