இரண்டாம் ஆண்டு மாணவி

குமாஸ்தாவின் பேனா தொழில் என்ற கட்டத்தில் ‘இல்’ என்று தொடங்கியதுமே, எதிரே உட்கார்ந்திருந்தவர் இறப்புப் பதிவுப் படிவத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“இல்லத்தரசி இல்ல சார். மாணவின்னு போடுங்க.”

குமாஸ்தா நிமிர்ந்தார். “இறந்தவங்களுக்கு வயசு அம்பத்திமூணுன்னீங்க?”

“ஆமா, என் சம்சாரம். காலேஜ்ல ரெண்டாம் வருஷம். நியூரோசயின்ஸ்.”

முந்தின நாள் காலை வகுப்புக்குக் கிளம்பி, செருப்பு மாட்ட வாசற்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. இந்தப் படிவம் முடிந்தால்தான் அடக்கத்துக்குச் சீட்டு கிடைக்கும். வெளியே வேனைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் காத்திருந்தார்கள்.

அவளுடைய அண்ணன் அவர் தோளைத் தொட்டார். “மாப்ள, போய்ச் சேந்தவளுக்கு எதப் போட்டா என்ன? பேரன் எடுக்கிற வயசுல படிக்கப் போனான்னு எழுதி வெச்சா, பாக்கிறவன் சிரிப்பான்.”

“நீங்களுந்தான் ரெண்டு வருஷமா சிரிச்சீங்க மச்சான். அவ நின்னாளா?”

மச்சான் கையை எடுத்துக்கொண்டார்.

அவளுடைய அம்மா கடைசிக் காலத்தில் பெற்ற மகளின் பெயரையே மறந்துபோனார்; ஆனால் பதினாறாம் வாய்ப்பாட்டைப் பிசகாமல் ஒப்பித்தார். ஏன் என்று கேட்டதற்கு, “வயசாயிடுச்சும்மா” என்றார் டாக்டர். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. பிள்ளைகளின் கல்யாணம் முடிந்த கையோடு விண்ணப்பம் போட்டாள். முதல் பருவத்தில் இரண்டு பாடங்களில் கோட்டை விட்டு, மறுபடி எழுதித் தேறினாள். ஒரு தேர்வுக்கு முன் புருஷனின் வலது கையைப் பிடித்திழுத்து, கட்டைவிரலிலிருந்து முழங்கைவரை நரம்புகளை நீலப் பேனாவால் வரைந்தாள். சாயங்காலம்வரை கழுவக்கூடாதென்று உத்தரவு. லாரிப் பட்டறைக்கு அப்படியே போனார். கிரீஸ் படாமல் அன்று முழுக்க இடது கையாலேயே ஸ்பானர் பிடித்தார்.

“டாக்டராகவா படிச்சாங்க?” என்றார் குமாஸ்தா.

“இல்ல. மூளை எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்க.”

“தெரிஞ்சு?”

“தெரிஞ்சுக்கத்தான்.”

“ஐயா, பின்னால ஆளுங்க நிக்கறாங்க.”

“நிக்கட்டும் சார். எழுதுற வரைக்கும் நான் எந்திரிக்கிறதா இல்ல.”

கல்லூரி அடையாள அட்டையைப் படிவத்தின் மேல் வைத்தார். புகைப்படத்தில் நரைத்த தலையோடு அவள் சற்று முறைத்துக்கொண்டிருந்தாள். குமாஸ்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ‘இல்’ என்றிருந்ததை அடித்துவிட்டு எழுதினார்.

அடக்கச் சீட்டோடு சேர்த்து நீட்டிய படிவ நகலைக் கணவர் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். ‘மாணவி’யில் மூன்று சுழி சரியாக இருந்தது.

“குடுங்க மாப்ள, மடிச்சுப் பையில வெக்கிறேன்.”

அவர் கொடுக்கவில்லை. தாளை இரண்டு ஓரங்களிலும் பிடித்து, எழுத்து வெளியே தெரியும்படி நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு, காத்திருந்தவர்களின் நடுவே மெதுவாக வேனை நோக்கி நடந்தார்.